அலையாத்திச் சேற்றில் பூஞ்சை மட்டும் வளர்ந்தால்

ராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டு அலையாத்திச் சேற்றை ஆய்வகத் தட்டில் பரப்பினால் இரண்டே நாளில் பூஞ்சை மூடிவிடுகிறது, நீங்கள் தேடும் மண் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோமைசிஸ் கண்ணில் படவே இல்லை என்கிறீர்கள். ஈரச் சேற்றை அப்படியே போட்டால் அப்படித்தான் ஆகும். நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பிறகு கரைத்து, 55 டிகிரியில் 6 நிமிடம் வையுங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸின் வித்துகள் தாங்கும், மற்றவை பெரும்பாலும் சாகும். ஸ்டார்ச் கேசின் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் பாதி கடல்நீர் சேர்த்து, பூஞ்சையைத் தடுக்க நிஸ்டாட்டின் மருந்தும் போடுங்கள்.

அப்புறம் 28 டிகிரியில் மூன்று வாரமாவது விடவேண்டும். அவசரப்பட்டுத் தட்டைக் கழுவிவிடுகிறவர்கள்தான் அதிகம்! சுண்ணாம்புத் தூள் தூவியதுபோல் வறண்டு, ஊசியால் கிளறினாலும் அகாரைவிட்டு வராமல் இறுகியிருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். மண்வாசம் தானாகவே வரும், மூக்கைக் கொண்டுபோகாதீர்கள். 1943இல் காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததும் இந்த வகை பாக்டீரியாவிடமிருந்துதான்.

சரி, சேறு எடுக்க வனத்துறை அனுமதி வாங்கிவிட்டீர்களா?