டிபிஏ (தரவுத்தள நிர்வாகி) வேலையில் இருப்பவர்கள் எப்போதும் அலுத்துக்கொள்கிறார்களே, ஆனாலும் தங்களுக்குள் அவ்வளவு நெருக்கமாக இருப்பது எதனால்?

ஹட்டனில் வீட்டில் இருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றின் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு. கண்டி, பதுளை, தலவாக்கலை ஆகிய ஊர்களில் இருந்து இதே தொழிலைச் செய்யும் சிலரோடு ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறேன். கேள்வியைக் கேட்டவர் பண்டாரவளையில் கணினிப் படிப்பை முடித்துவிட்டு, உதவித் தரவுத்தள நிர்வாகி பதவிக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்லவிருப்பதாக எழுதியிருக்கிறார். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

என் அனுபவத்தில் அந்த அலுப்பும் அந்த நெருக்கமும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றன. எங்கள் வேலை ஒழுங்காக நடக்கும் நாளில் வெளியே இருப்பவருக்கு எதுவுமே தெரியாது; தெரியவும் தேவையில்லை. நிகழாமல் போன ஒரு விபத்தைப் பார்த்து, அது எப்படித் தடுக்கப்பட்டது என்று புரிந்துகொள்ளக்கூடியவர் இன்னொரு டிபிஏ மட்டுமே. வீட்டில் சொன்னால் விளங்காது, மேலாளரிடம் சொன்னால் "அதுதானே உங்கள் வேலை" என்ற பதில் வரும்.

முதல் எரிச்சல் "டிபி ஸ்லோ", அதாவது தரவுத்தளம் மெதுவாக இருக்கிறது என்ற இரண்டு சொற்கள். திரை திறக்கத் தாமதமானால், வலையமைப்பைப் பார்ப்பதற்கும் நிரலைப் பார்ப்பதற்கும் முன்னரே பழி எங்களிடம் வந்து சேர்ந்துவிடும். குழுவில் உள்ள அண்ணன் ஒருவர் தோட்டக் கம்பனி ஒன்றின் சம்பளத் தரவுத்தளத்தைப் பார்க்கிறார். தோட்டங்களில் சம்பளம் 10ஆம் திகதி என்பதால், அதற்கு முந்திய சில நாட்களில் அவருடைய தொலைபேசி ஓயாது. செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எத்தனை முழுப்பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர் (அரைநாள் வேலை), தீபாவளி முற்பணத்தில் இந்த மாதக் கழிவு எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் கம்பனியின் 12 சதவீதமும் எவ்வளவு என்றெல்லாம் கணக்கிடும் ஓர் அறிக்கை இருக்கிறது. அதை எழுதியவர் முழுவதையும் தரவுத்தளத்திடம் ஒரே வினவலில் (கேள்வியில்) கேட்காமல், ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியாகப் பல வினவல்களை ஒரு சுழற்சிக்குள் வைத்து அனுப்பும்படி எழுதிவிட்டார். தரவுத்தளத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஒவ்வொரு வினவலும் ஒரு சில மில்லி செக்கனில் முடிந்துவிடுகிறது, எந்த வரைபடத்திலும் சிவப்பு இல்லை. ஆனால் எழுதுவினைஞர் தன் மேசையில் முழு அறிக்கைக்காக மணிக்கணக்கில் காத்திருக்கிறார். இதை எண்களோடு எடுத்துக்காட்டினாலும் கிடைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: "அண்ணே, ஒரு இன்டெக்ஸ் போட்டு விடுங்களேன்." இன்டெக்ஸ் என்பது ஒரு வினவலின் தேடலை விரைவாக்கும் சுட்டி. எலும்பு முறிந்தவர் பாமசியில் பனடோல் கேட்பதைப் போன்றது அந்தக் கோரிக்கை.

பூட்டுப் பிரச்சினையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே சந்திப்பீர்கள். ஒருவர் ஓர் அட்டவணையில் அப்டேட் கட்டளையை ஓடவிட்டு, கமிட் செய்யாமலே (மாற்றத்தை உறுதிசெய்து முடிக்காமலே) தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவார். அந்த நேரம் பார்த்து வேறொருவர் அதே அட்டவணையில் புதிய புலம் ஒன்றைச் சேர்க்க ஆல்டர் கட்டளை கொடுப்பார். போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளில் அந்த ஆல்டர் முதலாமவருக்காகக் காத்திருக்க, அதற்குப் பின்னால் வரும் தரவை வாசிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட் எல்லாம் ஆல்டருக்காகக் காத்திருக்கும். முழு நிறுவனமும் ஒரு கோப்பைத் தேநீருக்காக நின்றுபோகும். தேநீர் மலையகத்தில் விளைந்தது என்பதால் எங்கள் மேல் கூடுதல் பழி என்று கொழும்பு நண்பர் கிண்டல் செய்வார்.

நாட்டின் வேறு பகுதி டிபிஏக்களைவிட நாங்கள் அதிகமாகப் புலம்புவது பெயர்களைப் பற்றி. பெரும்பாலான அட்டவணைகள் ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. முத்துலெட்சுமி என்ற பெயர் நம் கணக்கில் 7 எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோட்டில் உயிர்மெய்யும் புள்ளியும் பிரிந்து 14 குறியீடுகளாகும். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் மொத்தம் 42 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் அதே பெயர் 13 பைட்டில் முடிந்துவிடும். ஒரக்கிள் என்ற கட்டணத் தரவுத்தள மென்பொருளில் பெயருக்கு 40 என்று நீளம் கொடுத்தால், வழமையான அமைப்பில் அது 40 எழுத்தை அல்ல, 40 பைட்டைக் குறிக்கும். எனவே பதிவு செய்யும்போது ஓஆர்ஏ-12899 என்ற பிழை வரும், பயனர் பெயரைச் சுருக்கி "முத்துலெட்சு" என்று எழுதிவிட்டுப் போவார், சில மாதங்களுக்குப் பின்னர் அந்த அம்மாவின் சேமலாப நிதிப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் பொருந்தவில்லை என்று கடிதம் வரும். வடிவமைக்கும்போதே பைட்டுக்குப் பதிலாக எழுத்தை அளவாகக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விடயம் இது.

அதைவிட நுட்பமான தொல்லை கொம்பும் காலும் சேரும் எழுத்துகளில் இருக்கிறது. "கொ" என்பதை ககரத்தோடு ஒகரக் குறியீடு ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சேமிக்கும்போதோ தேடும்போதோ இரண்டையும் ஒரே வடிவமாக்கும் இயல்பாக்கம் செய்யாவிட்டால் தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். "கொழுந்து" என்று தேடினால் பாதிப் பதிவுகள் மட்டுமே வருகின்றன என்று முறையிடுபவரிடம் இதை விளக்கிப் பாருங்கள், எங்கள் அலுப்பு என்னவென்று தெரியும்.

யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய தரவு இன்னொரு வகைத் துன்பம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது தரவுத்தளத்துக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே கிடக்கும். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் கட்டளை முடிவதும் அரைப்புள்ளியில்தான் என்பதால், அரைப்புள்ளி வந்த இடத்தில் எல்லாம் கோப்பை வெட்டும் அவசரமான ஸ்கிரிப்ட் ஒன்று ஒவ்வொரு மெய்யெழுத்திலும் தடுக்கி விழும். பதுளை நண்பர் ஒருவர் இதை எங்கள் குழுவில் விளக்கிய இரவில் எல்லோரும் நெடுநேரம் சிரித்தோம். வேறு எந்தக் கூட்டத்தில் இது சிரிப்புக்கு உரியதாக இருக்கும்?

அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. பழைய இலக்கம் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் புதியது 12 இலக்கங்கள். பழையதைப் புதியதாக மாற்றும் விதி எளியதுதான், ஆனாலும் அதைப் பயன்படுத்தாத அமைப்புகளில் ஒரே மனிதர் இரண்டு மனிதராக இருப்பார். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டுமே வைத்திருக்கும் எங்கள் மக்கள் ஒரு புள்ளியை இட்டுவிட்டுப் போவார்கள். குடும்பப் பெயர் புள்ளி என்று ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி நெருக்கத்துக்கு வருகிறேன். அதன் வேர் பேக்கப் (தரவின் காப்புப் பிரதி) பற்றிய அச்சத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பேக்கப் வெற்றி என்று காலையில் வரும் மின்னஞ்சலை நம்பலாமா என்ற ஐயம் எல்லா டிபிஏக்களுக்கும் பொதுவானது, அதற்கு உலகறிந்த சான்றும் இருக்கிறது. 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் இரண்டாம் நிலை சேவையகத்தின் தரவுக் கோப்புறையை அழிக்க எண்ணி, முதன்மைச் சேவையகத்தில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், சேவையகத்தில் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் கருவி எடுத்துக்கொண்டதோ 9.2 என்பதால் அது நெடுநாளாகத் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. சோதனைச் சூழலுக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், உலகெங்கிலும் இருந்து அதே தொழில் செய்பவர்கள் திட்டாமல் ஆறுதல் சொல்லி எழுதினார்கள். அந்த இடத்தில் தன் விரல் இருந்திருக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அந்தத் தெரிதல் எங்களிடம் ஒரு வழக்கமாகவே மாறியிருக்கிறது. எங்கள் நிறுவனத்தின் டிபிஏ அணியில் நான் ஹட்டனிலும், ஒருவர் கண்டியிலும், சிங்கள நண்பர் ஒருவர் மாத்தறையிலும் இருக்கிறோம். அழிக்கும் கட்டளை எதுவாயினும், கொடுப்பவர் திரையைப் பகிர்ந்து, எந்தச் சேவையகம், எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிவுகள் என்று வரையறுக்கும் WHERE நிபந்தனை என்ன என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் சரி என்று சொன்ன பின்னரே விசையை அழுத்த வேண்டும். நள்ளிரவில் கண்டி அக்கா "தம்பி, என்டர் அடிக்காத. முதல்ல ஹோஸ்ட்நேம் என்னன்னு சொல்லு" என்று அதட்டும்போது தூக்கம் கலைந்துவிடும். அது நட்பா, தொழில் ஒழுங்கா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. வெவ்வேறு நிறுவனங்களில் இருப்பவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் நிலை வேறு: அங்கே கடவுச்சொல்லோ வாடிக்கையாளரின் தரவோ வராது, பிழைச் செய்தியும் வினவல் திட்டமும் மட்டுமே வரும், யாராவது ஒருவர் விழித்திருந்து பதில் எழுதுவார்.

விடுமுறைகளும் எங்களைச் சேர்த்துவைக்கின்றன, ஏனென்றால் ஊரே ஓய்வெடுக்கும் நாளில்தான் எங்களுக்குப் பராமரிப்பு நேரம் ஒதுக்கப்படும். பௌர்ணமி நாளான போயா தினம் என்றால் பிறருக்கு விடுமுறை, எங்களுக்குப் பதிப்பு மேம்படுத்தல். பௌத்தர்களின் வெசாக்கில் நானும் அக்காவும் இருப்போம், தீபாவளிக்கு மாத்தறை நண்பர் இருப்பார். சித்திரைப் புத்தாண்டு எல்லோருக்கும் பொது என்பதால், அதற்கு மட்டும் ஒவ்வொரு ஆண்டும் சிறு சண்டை நடக்கும்.

2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போன மார்ச் இறுதியை இங்கே சொல்லாமல் விட முடியாது. மின்சாரம் தரும் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, லக்ஷபான நீர்த்தேக்கங்கள் எங்கள் மலைகளில்தான் இருக்கின்றன, ஆனாலும் இருட்டில் எங்களுக்குச் சலுகை கிடைக்கவில்லை. மின்வெட்டு வலயங்கள் ஆங்கில எழுத்துகளால் பிரிக்கப்பட்டிருந்ததால், மூவருடைய வலயங்களையும் ஒரு தாளில் எழுதி, எந்த மணித்தியாலத்தில் யாருடைய வீட்டில் வெளிச்சம் இருக்கிறதோ அவரே கண்காணிப்பது என்று முறை வகுத்துக்கொண்டோம். முறை மாறும்போது முந்தியவர் ஒரு வரி எழுதி வைப்பார்: ஆர்கைவ் லொக் (மாற்றங்களின் பதிவுக் கோப்புகள்) எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது. ஆர்கைவ் லொக் இருக்கும் வட்டு நிரம்பினால் ஒரக்கிள் பயனர்களை உள்ளே விடாமல் நின்றுபோகும் என்பதால், அந்த ஒரு வரியை யாரும் மறந்ததில்லை.

எல்லாம் இனிமை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒரக்கிள்காரரும் போஸ்ட்கிரெஸ்காரரும் உரிமக் கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு முற்றிவிடும். தன் ஸ்கிரிப்ட்களை யாருக்கும் காட்டாமல், தான் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது என்ற நிலையை வளர்த்துக்கொள்ளும் மூத்தவர்களும் இத்துறையில் இருக்கிறார்கள்; அவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

ஆகவே நேர்முகத் தேர்வில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவர்கள் வினவும்போது, இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது ஒரு பேக்கப்பை மீட்டெடுத்துச் சரிபார்த்தீர்கள், இரவில் அழைப்பு வந்தால் என்னோடு இரண்டாவதாக விழித்திருப்பவர் யார். ஒரு திகதியும் ஓர் ஆளின் பெயரும் பதிலாக வந்தால் தயங்காமல் சேருங்கள். "பேக்கப் தினமும் எடுக்கிறோம்" என்பதோடு பதில் நின்றுவிட்டால், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.