எழுத்து, பிரதி திருத்தம், தொழிற்பயிற்சி: சுங்கை சிப்புட் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவள் நான், இப்போது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே பிரதி திருத்துகிறேன். பத்திரிகைகளுக்குத் தொழிற்பயிற்சிக்குப் போயிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை.

அக்கா, நாள் முழுக்க அறிக்கைகளைத் தட்டச்சு செய்யத்தான் விடுகிறார்கள். இதில் என்ன கற்றுக்கொள்வது? (எல்பில் தோட்டம், டிப்ளோமா மாணவி)

தட்டச்சு செய்ததை அனுப்பியதோடு விட்டுவிடாதே தங்கச்சி. நீ கொடுத்த பிரதியில் ஒரு நகல் வைத்துக்கொள், மறுநாள் அச்சில் வந்ததைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார். எந்தச் சொல் போனது, எந்தப் பத்தி மேலே ஏறியது, எந்தத் தகவல் புதிதாக வந்தது என்று குறித்துக்கொள். இதை நீயாகச் செய்யாவிட்டால் யாரும் உட்கார்ந்து சொல்லித் தர மாட்டார்கள், அங்கே யாருக்கும் நேரம் இல்லை. பக்கம் முடியும் பரபரப்பில் ஆசிரியரிடம் போய் நிற்காதே. பக்கம் போன பிறகு, "என் மூன்றாவது பத்தியை ஏன் முதலில் வைத்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேள், அந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. கல்லூரிக் குறிப்பேட்டிலும் 'அறிக்கை தட்டச்சு செய்தேன்' என்று எழுதாமல் அந்தத் திருத்தங்களையே எழுது.

மலாய் அறிக்கையைத் தமிழில் எழுதினால் வாக்கியம் நொண்டுகிறது. (சலாக், பயிற்சி நிருபர்)

மலாய் அறிக்கைகளில் செயப்பாட்டு வினை நிறைய வரும். அதை அப்படியே இறக்கினால் 'நிகழ்ச்சியானது மந்திரி புசார் அவர்களால் தொடக்கி வைக்கப்பட்டது' என்று ஆகிவிடும். 'நிகழ்ச்சியை மந்திரி புசார் (மாநில முதல்வர்) தொடக்கி வைத்தார்' என்றால் முடிந்தது. அறிக்கையை ஒரு முறை முழுதாகப் படி, மூடி வை, அப்புறம் யார் என்ன செய்தார், எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்), யாருக்கு, எப்போது என்று உன் அம்மாவிடம் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுது. எண்களையும் பெயர்களையும் மட்டும் மறுபடி அறிக்கையைத் திறந்து சரிபார்.

ஒற்று எங்கே போடுவது என்றே தெரியவில்லை. (ஈவுட் தோட்டம்)

எல்லா விதியையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் போடு: அந்தக் கோயில், இந்தத் தோட்டம். 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் போடு: பள்ளியைத் திறந்தார், பள்ளிக்குச் சென்றார். படித்த பிள்ளை, வந்த பெண் போன்ற பெயரெச்சத்துக்குப் பின் போடாதே. அன்றாடச் செய்தியில் பெரும்பாலான பிழை இந்த மூன்றிலேயே அடங்கிவிடும்.

பெயரில் தவறு வந்து திட்டு வாங்கினேன். (பெயர் வேண்டாம்)

அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் இருப்பதைப் பார்த்துத் தமிழில் ஊகிக்காதே தம்பி. நம் தாத்தா பாட்டி காலத்தில் காதில் விழுந்தபடி பதிந்த பெயர்கள் ஏராளம், ஒரே குடும்பத்தில் லெட்சுமியும் இருப்பார், இலட்சுமியும் இருப்பார். "தமிழில் எப்படி எழுதுவீர்கள்?" என்று அவரிடமே கேள். டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ மூன்றும் வேறு வேறு விருதுப் பட்டங்கள், மாற்றிப் போட்டால் மறுநாள் தொலைபேசி வரும்.

பள்ளி மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கு. பெயர் போடலாமா? (கோலகங்சார்)

கூடாது. சிறார் சட்டம் 2001, 15ஆவது பிரிவு இதைக் கட்டுப்படுத்துகிறது. பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அந்தப் பிள்ளையை அடையாளம் காட்டும் எதுவும் வரக் கூடாது. நம்மூர் மாதிரிச் சின்ன இடத்தில் தோட்டத்தின் பெயரையும் அப்பாவின் வேலையையும் சேர்த்து எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும். அதனால் பயிற்சி மாணவர் இதைத் தனியாக முடிவு செய்யவே வேண்டாம், ஆசிரியரிடம் கொண்டுபோ.

ஏஐயிடம் கொடுத்துத் திருத்தலாமா?

வெளிவராத பிரதியை ஆசிரியரின் அனுமதி இல்லாமல் எங்கேயும் ஏற்றாதே. அனுமதி இருந்தாலும் அது மாற்றிய பெயர்களையும் எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்.

மகள் இந்தத் துறைக்கே போகிறேன் என்கிறாள். சோறு போடுமா? (செம்பனைத் தோட்டத் தொழிலாளி, ஒரு தந்தை)

அண்ணே, மறைக்காமல் சொல்கிறேன். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுவிட்டது, நாளிதழ் வேலையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஆனால் மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வேறு கதவுகள் உண்டு: தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் தமிழ்ச் செய்தி, மின்னல் எஃப்எம் வானொலி, பாடநூல் பதிப்பகங்கள், நாடகங்களுக்கு வசன வரி, கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, கும்பாபிஷேக மலர். மலர் வேலையில் பணம் குறைவுதான், ஆனால் முழுப் புத்தகத்தையும் தொடக்கத்திலிருந்து அச்சு வரை ஒருவரே பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. அவள் எழுதிய இரண்டு கட்டுரைகளை என்னிடம் கொடுத்தனுப்புங்கள், திருத்தி, ஏன் திருத்தினேன் என்று ஓரத்தில் எழுதித் தருகிறேன்.