கேமரன் மலை கிறிஸ்துமஸ்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

தங்கச்சி, அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ், அம்மாவுக்கு முழங்கால் வலி, வழிகாட்டியோடு போகும் மூன்று நாள் மலேசியக் கேமரன் மலைப் பயணம் ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அழைத்துப் போங்கள். நானும் உங்களைப் போலப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்தான், என் அம்மாவையும் இப்படித்தான் கூட்டிப் போனேன்.

முதலில் வேன் எந்த வழியாக ஏறும் என்று கேளுங்கள். தாப்பா பழைய பாதையில் வளைவுக்கு மேல் வளைவு, வயிற்றைப் புரட்டும். சிம்பாங் பூலாய் வழி அகலமானது, நமக்குக் கிட்டவும்கூட. டிசம்பரில் மழை, விடுமுறைக் கூட்டமும் சேர்ந்தால் மலைமேல் பிரிஞ்சாங் ஊரில் வண்டி நகராது. விடியற்காலையிலேயே கிளம்பும் குழுவாகப் பாருங்கள்.

2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் பாசிக்காட்டில் மரப்படிகள் ஈரத்தில் வழுக்கும், அம்மாவுக்கு வேண்டாம். அந்த நேரம் ‘போ’ (BOH) என்ற தேயிலைத் தோட்டத்தில் தேநீரோடு உட்காரட்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா, அங்கே கொழுந்தைத் தொட்டுப் பார்த்தபடி பழைய தோட்டத்துக் கதையெல்லாம் சொன்னார். என் அப்பா போனபிறகு அவர் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அப்புறம், 24ஆம் தேதி இரவுப் பூசைக்கு வண்டி உண்டா என்று பணம் கட்டுமுன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வழிகாட்டி மறந்துவிட்டார். அம்மா ஜெபமாலையோடு அறையிலேயே இருந்தார். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.