போர் தண்ணீரும் சுமத்ரா சேறும்

கேள்வி: தோட்டத்தில் 900 அடி போர் போட்டோம், தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. சுமத்ராவில் கடலுக்கு அடியில் சுடுதண்ணீர் ஓடியதால்தான் 2004-ல் சுனாமி வந்தது, அந்தச் சூடுதான் இங்கேயும் வருகிறது என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி. நிஜமா?
- ஒரு வாசகர், ராதாபுரம்

பதில்: உங்கள் போருக்கும் சுமத்ராவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆழம் போகப் போக பூமி சூடாகும். பொதுவாக கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி, நம்மூர்ப் பாறையில் அதைவிடக் குறைவு, ஆனாலும் 900 அடியில் நாலைந்து டிகிரி ஏறிவிடும்.

ஆனால் கடலடியில் தண்ணீர் ஓடுகிறது என்பது உண்மைதான். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகக் கிடக்கிறது; அதில் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் போகும்போது, மேலே படிந்த சேற்றில் ஒரு பகுதி, ஆட்டுரலில் மாவு வழிப்பதுபோல வழிக்கப்பட்டு ஓரத்தில் குவியும், மீதி உள்ளே போகும். புதுச் சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர், பிழிந்தால் வெளியே வரத்தானே வேண்டும்? சூடு 60 டிகிரியைத் தாண்டினால் களிமண் தாதுக்களுக்குள் பூட்டிக் கிடக்கும் தண்ணீரும் கழன்றுவிடும். சேறு வழிவிடாது, அதனால் பிளவுகள்தான் வாய்க்கால். சேற்றின் வழியாகச் சூடு மெதுவாகத்தான் ஏறும், ஓடுகிற தண்ணீரோ அதைத் தூக்கிக்கொண்டே வந்துவிடும். 1986-ல் கரீபியன் கடலின் பார்படாஸ் தீவுக்கு வடகிழக்கே கடலடியைத் துளைத்தபோது, பிளவை ஒட்டி மீத்தேனும் உப்புக் குறைந்த தண்ணீரும் கிடைத்தன. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் தண்ணீர் சப்பென்று இருந்தால் ஆறு கலக்கிறது என்று தெரியுமில்லையா, அதே துப்புதான்.

இந்தத் தண்ணீர் பிளவில் எண்ணெய் மாதிரி பாறையை வழுக்கிவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈர மேஜையில் சூடான எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள், தானாகவே நகரும். அடியில் மாட்டிய காற்று சூடாகி எடையைக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது. பிளவில் மாட்டிய தண்ணீரின் அழுத்தமும் பாறையை அப்படித்தான் தாங்குகிறது.

சரி, சுமத்ரா? அங்கேதான் அண்ணாச்சி கதை தலைகீழ். 2016-ல் ஒரு சர்வதேச ஆய்வுக் குழு அங்கே கடலடியைத் துளைத்துப் பார்த்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து கொண்டுபோய்க் கொட்டிய வண்டல் அங்கே கிலோமீட்டர் கணக்கில் கனம், அத்தனை ஆழத்தில் புதைந்த அடிச்சேறு சூடாகி, தட்டு உள்ளே இறங்கும் பள்ளத்தை எட்டும் முன்பே தாதுக்களின் தண்ணீரை இழந்து இறுகிவிட்டது. இறுகிய சேறு வலுவானது, அதனால் நிலநடுக்கத்தின் உடைப்பு கடல்தரைக்குப் பக்கம்வரை வந்து தரையைப் பெரிதாக நகர்த்தி சுனாமியைக் கிளப்பியது என்பதுதான் அந்தக் குழுவின் விளக்கம்.

அப்புறம், அந்தப் போர் தண்ணீரைக் குடிப்பதாக இருந்தால் ஃபுளோரைடு பரிசோதித்துவிடுங்கள்.