லிமிடெட் எடிஷன் சிலைகளில் சிறிய எண்ணுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

ஒரே சிலையை 750 மட்டும் செய்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் போட்டு வெளியிட்டால் 9ஆம் எண்ணும் 600ஆம் எண்ணும் ஒரே பொருள்தானே, பிறகு எதற்குக் கூடுதல் பணம் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் எண்ணைக் காட்டி விலையை ஏற்றியிருக்கிறார் போலும். 9ஆம் எண்ணை வைத்திருந்து, பிறகு கைமாற்றிவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொருளில் ஒரு வித்தியாசமும் கிடையாது. அதற்காக அந்த விலையைக் கேட்பவர் ஏமாற்றுக்காரர் என்றும் சொல்ல மாட்டேன்.

சிறிய எண்ணுக்கு மதிப்புக் கொடுக்கும் இந்த வழக்கம் ஓவிய அச்சுக்கலையிலிருந்து வந்தது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறிப் படம் வரையும் முறைக்கு டிரைபாயிண்ட் என்று பெயர். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்கூட இதைக் கையாண்டிருக்கிறார். கீறும்போது கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். மையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குக் கருமையைத் தருவது அந்தப் பிசிறுதான். அச்சு இயந்திரத்தில் சில பத்துப் பிரதிகள் எடுப்பதற்குள் அது நசுங்கிவிடும். ஆகவே முதலில் எடுத்த பிரதிக்கு மவுசு இருந்ததில் நியாயம் உண்டு.

நாம் வாங்கும் பாலிஸ்டோன் சிலைக்கு அந்த நியாயம் செல்லாது. பிசினில் கல்தூளைக் கலந்து சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தேயத்தான் செய்யும். ஆனால் மூல உருவத்திலிருந்து புது அச்சு எடுத்துக்கொண்டே இருப்பார்கள். தலை, கை, பீடம் எல்லாம் தனித்தனி வார்ப்பு. வண்ணம் பூசி, ஒட்டி முடித்த பிறகு பீடத்தில் எண் ஏறுகிறது. 9ஆம் எண் சிலையின் கழுத்தில் 500ஆவதாக வார்த்த தலை இருந்தாலும் ஆச்சரியமில்லை.

என்னுடையது ஆள் அளவில் கால்பங்கு உள்ள சாமுராய் வீரன். துபாயில் இருக்கும் அத்தான் கொண்டுவந்தது. தக்கலைப் பக்கம் மற்ற வீட்டு அத்தான்மார் கோடாலித் தைலமும் பால்பவுடரும் கொண்டுவருவார்கள். எங்கள் அத்தான் விமானத்தில் அனுமதித்த எடையில் பாதியை இந்த வீரனுக்குக் கொடுத்துவிட்டு வந்து அக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். பீடத்தின் அடியில் 009/750 என்று இருந்தது.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் அதைக் கேட்டு வந்தார். அவரிடம் அதே சிலை, 412ஆம் எண். அதையும் கொடுத்து மேலே பணமும் தருவதாகச் சொன்னார். இரண்டையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் வீரனின் இடது கண்மணி மூக்குப் பக்கம் கடுகளவு ஒதுங்கியிருந்தது. முழங்கையின் அடியில் அச்சு சேரும் கோட்டைச் சரியாகத் தேய்க்காமலே வண்ணம் பூசியிருந்தார்கள். அவருடையதில் கண் நேராக இருந்தது, கவசக் கயிற்றின் பொன்வண்ணம் துளிகூட வழியவில்லை. அவரும் அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு சிலையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "முகத்தைப் பார்க்காமல் அடியைப் பார்க்கிறாரே, விரிசல் ஏதும் இருக்கிறதா?"

அவரிடமே காரணத்தைக் கேட்டேன். அந்த வரிசையில் மற்ற இரண்டு சிலைகளும் அவரிடம் 9ஆம் எண்ணிலேயே இருக்கின்றனவாம். அடுத்து அவர் சொன்னதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். வண்ணம் நன்றாக இருக்கிறது என்றால் வாங்குபவர் மறுத்துப் பேசலாம், புகைப்படத்தில் சரியாகத் தெரியவில்லை எனலாம். 9 என்றால் 9தான், வாதத்துக்கு இடமில்லை. விற்கும்போது ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். மார்த்தாண்டத்தில் டி.என். 75க்குப் பின்னால் ஃபேன்சி எண் வேண்டும் என்று தனிக் கட்டணம் கட்டுகிறவரின் கார் மட்டும் வேகமாகவா ஓடுகிறது? கடைசி எண்ணான 750ஐத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

நான் கொடுத்துவிட்டேன். நேர்ப்பார்வை வீரனும் கிடைத்தான், கையில் பணமும் வந்தது. இவனுக்குச் சேகரிப்பின் அருமை தெரியாது என்று சிலர் எழுதுவார்கள், தெரியும். எழுதட்டும். அலமாரியில் வைத்தபின் பீடத்தின் அடியை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

அவர் நேரில் வந்ததால்தான் அந்தக் கைமாற்றமே நடந்தது. பார்சலில் அனுப்பியிருந்தால் பாடு வேறு. எங்கள் ஊர் என்றாலே கூரியர்காரர்களுக்கு எட்டாத தேசம். அழைத்த மாதிரி ஒரு குறுஞ்செய்தி, அடுத்ததாக ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று ஒரு பொய். கேட்டால் நாகர்கோவிலுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவருவதற்கும் சேர்த்துத்தானே பணம் வாங்குகிறார்கள்? பத்துக் கிலோ பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி, நடத்துனரிடம் சுமைக் கட்டணத்துக்கு வாதாடி வருபவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

நீங்கள் பிறகு விற்கும் எண்ணத்தோடு வாங்கினால் சிறிய எண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் பெட்டி, பீடம், சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று படம் கேட்டு வாங்குங்கள். ஒன்று மாறியிருந்தாலும் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெட்டியை அட்டத்தில், அதாவது பரணில், போட வேண்டாம். இங்கே இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் நனைக்கும், ஐப்பசி மழையும் நனைக்கும். அட்டையில் பூஞ்சை பிடித்துவிட்டால் 9ஆம் எண்ணுக்கும் விலை இறங்கிவிடும்.