மஞ்சள் அம்பும் நீல அம்பும்

வணக்கம். இங்கிலாந்தின் தெற்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். ஊரை ஒட்டிய காட்டில் வார இறுதிகளில் மாமனாரோடு நடப்பது வழக்கம். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, காதும் மந்தம். மஞ்சள் அம்பு போட்ட பாதை அது, நடப்பவர்களுக்கு மட்டுமானது. ஆனாலும் மவுண்டன் பைக்காரர்கள் சரிவில் பாய்ந்து வருகிறார்கள். போன மாதம் ஒருவர் உரசிக்கொண்டு போனதில் மாமனார் தடுமாறி முட்புதரில் சாய்ந்துவிட்டார். பாதையும் அவர்களால் சேறாகிவிட்டது. அவர்களுக்கென்றே தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள், அங்கே போகலாமே? பொறுக்க முடியாமல் சென்ற வாரம் வளைவில் ஒரு மரக்கட்டையை இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். காட்டுப் பாதைகளில் சைக்கிளை அடியோடு தடை செய்வதுதானே நியாயம்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

முதலில் மாமனாருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அந்த வயதில் வேரும் சேறுமான பாதையில் வாராவாரம் நடக்கிறவரை நினைத்தாலே மனம் நிறைகிறது. அவரை உரசிக்கொண்டு போனது தப்பு. வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் பிரேக்கை விட்டு இறங்குகிறவருக்கு எந்தப் பாதையிலும் ஓட்டத் தகுதியில்லை.

அடுத்து, அந்தக் கட்டை. அங்கே வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கிலாந்துச் சட்டப்படி, நடப்பவர்களுக்கான பாதையில் ஒருவர் சைக்கிள் ஓட்டினால் அது பொதுவாக நில உரிமையாளருக்கும் அவருக்கும் இடையிலான சிவில் விவகாரம். பொதுப் பாதையை வேண்டுமென்றே மறிப்பதோ 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். உங்கள் காட்டில் இப்போது குற்றம் செய்திருப்பவர் நீங்கள்தான். சட்டம் கிடக்கட்டும். முன் சக்கரம் கட்டையில் மோதினால் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புறப் போய் விழுவார். கழுத்து முறியலாம். வருவது பதினைந்து வயதுப் பையனாகவும் இருக்கலாம். அந்தி வெளிச்சத்தில் அதே கட்டையில் உங்கள் மாமனாரே தடுக்கி விழலாம். இதைப் படித்ததும் எழுந்து போய் அதை அப்புறப்படுத்துங்கள். எனக்குச் சமாதானம் எழுத வேண்டாம்.

சேறு பற்றிச் சொல்கிறீர்கள். 2001-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், ஒன்ராறியோ காடு ஒன்றின் தரையில் 500 முறை வரை நடந்தும் ஓட்டியும் பார்த்தார்கள். செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த சேதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாதையைக் கெடுப்பதில் முதல் ஆள் தண்ணீர். சரிவுக்கு நேராக இறங்கும் பாதை, அதில் யார் போனாலும், மழையில் ஓடையாகத்தான் மாறும். தனிப் பாதைகளா? நல்ல விஷயம்தான், ஆனால் அவை பக்கத்தில் இல்லாவிட்டால்? காரில் ஏற்றிக்கொண்டு போனால்தான் சைக்கிள் ஓட்டலாம் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்வீர்களா?

எனக்கு உறுத்துவது உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘நடப்பவர்களுக்கு மட்டும்’ என்ற சொந்தம் கொண்டாடல். நடப்பவர்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? பீக் மாவட்டத்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் வேட்டைப் பறவைகளுக்காகப் பொதுமக்களை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு ஆனது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மேனுக்கு அப்போது இருபது வயது, நான்கு மாதத் தண்டனை. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று அன்று காலை அவர், கூட்டம் புறப்பட்ட ஊரான ஹேஃபீல்டு வரை எதில் போனார் தெரியுமா? சைக்கிளில். இன்று உங்கள் மாமனார் நடக்கும் உரிமைக்காகச் சிறைக்குப் போன மனிதர் ஒரு சைக்கிள்காரர். மேட்டுநிலங்களிலும் புதர்வெளிகளிலும் காலாற நடக்கும் உரிமை 2000-ஆம் ஆண்டில்தான் சட்டமானது. அதுவும் நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டார்கள். அத்துமீறி வென்றவர்களின் வாரிசுகள் இன்று காவலாட்களின் வேலையைப் பார்க்கக் கூடாது, செந்தில். இதைத்தான் சில மாதங்களாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து வாயைக் கிளறிவிட்டது.

அந்த அம்புகளின் கதையையும் கேளுங்கள். நீல அம்பு குதிரைக்கும் ஆன பாதை. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அதில் சைக்கிளையும் அனுமதித்தது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள் வழிவிட்டே ஆக வேண்டும். எந்தப் பாதைக்கு எந்த நிறம் என்பது, பொதுப் பாதைகளை வரைபடத்தில் பதியச் சொன்ன 1949 சட்டத்துக்குப் பிறகு ஊர் ஊராகத் தயாரித்த வரைபடங்களில் முடிவானது. ஒரு ஊரில் குதிரைப் பாதை என்று எழுதியதை அடுத்த ஊரில் நடைபாதை என்று எழுதினார்கள். அதனால் ஒரே தடம் ஊர் எல்லையில் நிறம் மாறுகிற வேடிக்கை இன்றும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுப் பாதைகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. தரையின் தன்மையையோ பாதையின் அகலத்தையோ பார்த்துப் பிரித்த கணக்கல்ல இது. அதை வேதமாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் கேள்வியையே மாற்றிவிட்டது. நடையோ சைக்கிளோ குதிரையோ, பொறுப்பாக நடந்துகொள்கிற வரை பெரும்பாலான இடங்களில் உரிமை உண்டு. என் அக்கா மகனோடு ட்வீட் பள்ளத்தாக்கின் பைன் காட்டில் ஒருமுறை நடந்தேன். தோள் அகலமே உள்ள பாதை, ஒரு பக்கம் சரிவு. மேலேயிருந்து டயர் சரளையில் அரைபடும் சத்தம் கேட்டது, பிறகு மணியோசை. வளைவில் தெரிந்ததும் அந்தப் பெண் வேகத்தைக் குறைத்து, ஒரு காலை ஊன்றி, சைக்கிளைச் சரிவுப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு மேட்டுப் பக்கத்தை விட்டார். முழங்கால் வரை சேறு. “எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்” என்றார். நாங்கள் அங்கேயே ஒதுங்கி நின்றோம், இரண்டு பேரும் மெதுவாகக் கடந்து போனார்கள். பின்னால் எத்தனை பேர் என்று சொல்வது அங்கே பழக்கமாம். மாமனாரைப் போலக் காது மந்தமானவருக்கு மணியோசை எட்டாது. ஆனால் ஆள் நின்று முகம் பார்த்துச் சொன்னால் புரியும். நாம் கேட்க வேண்டியது இந்தப் பழக்கத்தை.

எனவே அடியோடு தடை என்பதற்கு என் கையெழுத்து கிடையாது. உங்கள் கவுன்சிலில் பாதைகளைப் பார்க்கும் பிரிவுக்கு எழுதுங்கள். அந்தக் குறிப்பிட்ட சரிவில் வளைவுக்கு முன்னால் பார்வை தெரியும்படி புதரை வெட்டவும், வேகம் குறையும்படி தடத்தை வளைத்து விடவும், மழைநீருக்குக் குறுக்கே வடிகால் போடவும் கேளுங்கள். நில உரிமையாளர் சம்மதித்தால் பக்கத்திலேயே சைக்கிளுக்கு இன்னொரு தடம் விடலாம். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் பகுதியில் அணுகல் மன்றம் ஒன்று இருக்க வேண்டும். நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் சைக்கிள்காரர்களும் நில உரிமையாளர்களும் ஒரே மேசையில் உட்காருகிற இடம் அது. கூட்டம் எப்போது என்று விசாரித்து, மாமனாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். முட்புதரில் விழுந்த கதையை அவரே சொல்லட்டும்.