காரை 60 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் வேண்டாம், முதலில் ஷாக்கைப் பாருங்கள்

உங்கள் 1998 ஹோண்டா சிவிக்கில் பழைய ஷாக்கை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) அப்படியே வைத்துக்கொண்டு, காரின் உயரத்தை 60 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது நண்பரே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஷாக் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், அதோடு ஸ்பிரிங் குட்டையானால் ஷாக் மேலும் கீழும் ஓடுவதற்கான தூரமும் குறைந்து ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் (ஓட்டத்தின் முடிவில் இருக்கும் தடுப்புக் கட்டை) போய் இடிக்கும், அப்புறம் ஆயில் கசிய ஆரம்பித்துவிடும்.

என் கணக்கில் 30 முதல் 35 மில்லிமீட்டர் போதும். அந்த அளவுக்கென்றே செய்த குட்டை ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக வாங்குங்கள். காயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அமைப்பு) ஆசை இருந்தால் நல்லதை வாங்குங்கள், மலிவானது இந்த செட்டைவிட மோசம்.

இந்த சிவிக்கில் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. அதனால் இறக்கியதும் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். எல்லோரும் அந்தச் சாய்வை, அதாவது கேம்பரைத்தான் திட்டுவார்கள், ஆனால் டயரை உண்மையில் தின்பது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறுவதுதான், ஆகவே வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பின்பக்க டிரெய்லிங் ஆர்ம் புஷ் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர்) இத்தனை வருடத்தில் வெடித்திருக்கும், அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள்: புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.